மறுக்கத் தெரிந்த பெட்டி

பின்பனிக் காலத்துக் காலைக்கு அவசரம் என்பதே கிடையாது. கதிரவன் எழுந்த பின்னும் எழாதவன்போல் நெடுநேரம் கிடப்பான். புல்லின் நுனியில் நிற்கும் நீர் விழவும் மாட்டாமல் உலரவும் மாட்டாமல் நிற்கும். பறவைகள் குரலை அடக்கிப் பேசும். யாரோ ஒருவரின் துயிலைக் கலைக்க அஞ்சி உலகம் முழுவதும் மெல்ல நடப்பதுபோல் இருக்கும். பனி விலகினாலும் தரையின் குளிர் விலகாது. அந்தக் குளிரில் டயரின் ரப்பர் இறுகி, சாலையைப் பற்ற மனமில்லாமல் உருளும். அன்று பிற்பகல் மூன்று மணிக்கும் தரை குளிர்ந்தே இருந்தது ஐயா. அது எனக்குத் தெரியும் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கியர்ப்பெட்டி செய்கிறவன். முப்பத்தோராண்டுகளாகப் பந்தயக் கார்களுக்கு மட்டுமே செய்கிறேன். இறந்துபோனவன் என் தம்பி. நான் பூட்டிய பெட்டியை அவன் ஓட்டுவான். காரின் கணினியை அவன் மனைவி பார்த்துக்கொண்டாள். மூவருக்கும் ஒரே பட்டறை, ஒரே வீடு. எங்களுக்குள் சண்டை என்று ஒன்று இருந்ததில்லை. கருத்து வேறுபாடு ஒன்று இருந்தது. அது கையால் கியர் மாற்றும் கம்பியான ராடைப் பற்றியது.

சென்ற ஆண்டு வரை எங்கள் காரில் ராடுதான். ஓட்டுகிறவன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கிளட்சை மிதித்து, எஞ்சினின் ஒலியைக் கேட்டு, இப்போது கேட்டால் கிடைக்கும் என்று உணர்ந்து, பிறகுதான் கியரை மாற்ற வேண்டும். பக்தன் இறைவனிடம் கை நீட்டுவதும் அவ்வாறே என்பது என் எண்ணம். காலம் அறிந்து கேட்க வேண்டும்; கேட்பவன் தன் அளவை அறிய வேண்டும்.

தம்பி ராடைக் கழற்றச் சொன்னான். அதற்குப் பதிலாக ஸ்டியரிங்கின் பின்னே இருபுறமும் துடுப்புப்போல் இரு தகடுகளை வைத்தோம். பட்டறையில் அவற்றைக் காதுகள் என்பார்கள். வலக்காதை இழுத்தால் கியர் ஏறும், இடக்காதை இழுத்தால் இறங்கும். கை ஸ்டியரிங்கை விட்டு அகலாது. சுற்றுக்கு ஒன்றரை நொடி மிச்சம். அந்த ஒன்றரை நொடியை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது.

"அண்ணே, நீ ராடைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள நான் வளைவைத் தாண்டி டீ குடிச்சு முடிச்சிருப்பேன்" என்பான்.

"ஒரு கையை எடுத்தாத்தான்டா மறு கை எவ்வளவு பிடிக்குதுன்னு தெரியும்."

"பார்த்தியா, ஆரம்பிச்சிட்டாரு" என்று மனைவியிடம் சொல்வான். "இவருக்கு ஸ்குரூ டிரைவர் எங்கேன்னு கேட்டாக்கூடப் பாட்டாத்தான் பதில் வரும்."

"மாமாவை வம்புக்கு இழுக்காம வேலையைப் பாருங்க" என்பாள் அவள். எங்கள் உணவு வேளைகள் இப்படித்தான் கழிந்தன.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டாயிற்று. நீண்ட நேர்வழியின் முடிவில் பிரேக்கை மிதித்த கணமே இடக்காதை ஏழெட்டு முறை தட்டுவான். அந்த வேகத்தில் கியர் அப்படி இறங்கினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஆனால் கணினி தன்னால் இயன்ற நேரத்தில் இயன்ற கியரை மட்டும் கொடுக்கும், மற்றவற்றை மறுத்துவிடும். ஒவ்வொரு கியருக்கும் எஞ்சின் இத்தனை சுழற்சியைத் தாண்டக்கூடாது என்று அதனுள் ஓர் எல்லை எழுதப்பட்டிருக்கும். ராடு வைத்து ஓட்டுகிறவன் இந்தப் பிழையைச் செய்ய நினைக்கவே மாட்டான். காதுகள் வந்த பின் பிறந்த பிழை இது. பிழை என்றே யாரும் சொல்லாத பிழை.

ஒருநாள் கேட்டேன். "ஏன்டா, கதவு தட்டுற மாதிரி எட்டுத் தடவை தட்டுறே?"

"எண்ணுறது என் வேலை இல்லண்ணே. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். தரலாம்னா பெட்டி தரும், கூடாதுன்னா தராது. அம்மாகிட்ட பிள்ளைங்க கேக்கிற மாதிரி."

மிகவும் இயல்பாகச் சொன்னான். எனக்கு அன்றிரவு உணவு இறங்கவில்லை. மனிதன் கேட்பதை மறுக்கும் உரிமை இறைவன் ஒருவனுக்கே உண்டு என்று நம்பி வாழ்ந்தவன் நான். உள்ளங்கை அகலமுள்ள ஒரு கணினிப் பெட்டி அந்த இடத்தில் அமர்ந்திருந்தது. தம்பி அதை நம்பினான். என்னை நம்புவதை எப்போது நிறுத்தினான் என்று நான் யோசித்துப் பார்த்தேன். நாள் நினைவுக்கு வரவில்லை.

எல்லை எண்கள் எங்கே இருக்கின்றன என்பதை எனக்குக் காட்டியவள் அவள்தான். "எதை வேணா பாருங்க மாமா, இந்தக் கட்டத்தை மட்டும் தொட்டுடாதீங்க" என்று சிரித்தாள். நல்ல பெண். எதையும் விளங்கும்படி சொல்லித் தருவாள்.

தம்பி இறந்த அன்று மதியம் அவள் சாப்பிடப் போனாள். மடிக்கணினி காரோடு இணைக்கப்பட்டு மேசைமேல் திறந்தே இருந்தது. காலையில் அவள் அதே பக்கத்தில் வேறோர் எண்ணைத் திருத்தியிருந்தாள். நான் எட்டாயிரத்து இருநூறு என்பதை அழித்துப் பன்னிரண்டாயிரம் என்று எழுதினேன். ஆறு கியருக்கும் எழுதினேன். கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அவனைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. கார் ஒருமுறை வழுக்கும், அவன் அஞ்சுவான், இறங்கி வந்து "அண்ணே, ராடையே மாட்டிடு" என்பான். அவ்வளவே நான் எதிர்பார்த்தது.

மூன்று மணிக்குத் தம்பி காரைப் பந்தயத் தடத்தில் இறக்கினான். முதல் சுற்றில் ஒன்றும் நிகழவில்லை. டயர் குளிர்ந்திருந்ததால் மெதுவாக ஓட்டினான். காதை நிதானமாக, ஒவ்வொன்றாக இழுத்தான். இரண்டாம் சுற்றும் அப்படியே. மூன்றாம் சுற்றிலும் ஒரு முதியவரைக் கைப்பிடித்து அழைத்து வருவதுபோல் காரை அழைத்து வந்தான். அழகாக ஓட்டினான். அவனைக் காரை நிறுத்தி உள்ளே வரச் சொல்லியிருக்கலாம். ரேடியோ என் கையில்தான் இருந்தது.

"டயர் எப்படிண்ணே இருக்கும்? எனக்கு இன்னும் சரியாப் பிடிபடலை" என்று கேட்டான்.

"நல்லாச் சூடாயிடுச்சுடா. இந்தச் சுற்று அடிச்சு ஓட்டு. பிரேக்கை வளைவுக்கு முன்னாடி இருக்கிற கடைசிப் பலகைக்கு அப்புறம் போடு."

"நீ சொன்னா சரி."

இதுவே எங்கள் கடைசிப் பேச்சு. நேர்வழியின் முடிவில் அவன் எட்டு முறை தட்டியிருப்பான் என்று எண்ணுகிறேன். பெட்டி எதையும் மறுக்கவில்லை. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, கார் ஒருமுறை சுழன்று, அவன் அமர்ந்திருந்த பக்கமாகச் சுவரில் மோதியது. ஒலி பெரிதாக இல்லை. நான் ரேடியோவை மேசையில் வைத்தேன். அதன் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தது, நேராக்கி வைத்தேன்.

பன்னிரண்டாயிரம் என்ற எண்ணை முதலில் கண்டவள் அவள். தன் கணினி, தன் கடவுச்சொல், காலையில் தானே திருத்திய பக்கம். தன் விரல்தான் தவறியது என்று முடிவு செய்துவிட்டாள். அன்றுமுதல் அவள் சரியாக உண்பதில்லை. ஐந்தாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, ஆறு கட்டத்துலயும் எப்படி மாத்தியிருப்பேன்? எனக்கு நினைவே இல்லையே. நான்தானே அவரைக் கொன்னேன்?"

"மனுஷங்கன்னா கை தவறத்தாம்மா செய்யும்" என்றேன். "உன்னை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அவள் என் கால் அருகே அமர்ந்து அழுதாள். என் பெருந்தன்மைக்கு நன்றி சொன்னாள். தலையில் கை வைத்துத் தேற்றினேன்.

நேற்று விசாரணைக் குழு அறிக்கையைப் படித்துக் காட்டியது. தவறுதலாக எண் மாற்றப்பட்டது, மாற்றியவர் ஓட்டுநரின் மனைவி என்று இருந்தது. அவள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாள். அறிக்கையின் இறுதியில், இனி இத்தகைய கணினிகளின் எல்லையை எவரும் மாற்ற இயலாதவாறு பூட்ட வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தார்கள். எல்லாக் கார்களிலும். ராடைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவளுக்காகவே வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பதினொரு நாள் காவல் நிலையத்துக்கு வராதவன் இன்று வந்தது ஏன் என்று நீங்கள் கேட்டால், 'தவறுதலாக' என்ற அந்தச் சொல்லைப் படித்தபின் வீட்டில் இருக்க முடியவில்லை என்பதுதான் பதில். என் கை தவறியதில்லை. எண்ணை அறிந்தே மாற்றினேன். டயரைப் பற்றி அறிந்தே பொய் சொன்னேன். எழுதியதைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையொப்பமிடுகிறேன்.

அதற்குமுன் சற்று நேரம் வேண்டும். காலணியைக் கழற்றி ஓரமாக வைக்கிறேன். கிழக்கு இந்தச் சன்னல் பக்கம்தானே. முழங்காலிட்டு நெற்றி தரையில் படும்படி ஒருமுறை வணங்கிக்கொள்கிறேன். வாய்விட்டு எதுவும் சொல்லப்போவதில்லை.

முடிந்தது ஐயா. அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என் பெயரால் ஒரு வாழ்த்தும் சொல்லுங்கள். அவள் இனி வயிறார உண்ணட்டும், கண்ணார உறங்கட்டும். சிறிய வயது; அவளுக்கு இன்னொரு துணை அமையட்டும். சொன்ன பேச்சைக் கேட்கிறவனாக அமையட்டும்.