சுவரிலிருந்து ஒரு சாண்

எந்த மின்சாதனத்தையும் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. அதற்கும் காற்று வேண்டும். இது எனக்கு நன்றாகவே தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. ஏதோ தெரியாத்தனமாக நடந்திருக்கும் என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் தேட வேண்டியதில்லை.

சொல்லிக்கொடுத்தவர் டிவி மெக்கானிக். அப்போது நான் தனியாக இருந்தேன். தையல் வேலை. துணி கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று அளவைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் போட்ட டிவியைப் படுக்கப் போகும்போதுதான் அணைப்பேன். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் பதிலுக்கு வணக்கம் சொல்வேன். சிரிக்காதீர்கள், வேறு யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. கையில் தொழில் இருக்கிறதே என்று வீட்டிலிருந்த சாமான்களுக்கெல்லாம் உறை தைத்துப் போட்டிருந்தேன். திரையை மட்டும் விட்டுவிட்டு டிவிக்கு ஒரு பூப்போட்ட உறை, இன்டர்நெட் பெட்டிக்குக்கூட ஒரு குட்டிச் சட்டை. ஒருநாள் டிவி கருகிய வாடையோடு நின்றுபோனது.

வந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். “எல்லாத்துக்கும் போர்வை போத்தி வெச்சிருக்கீங்களேம்மா, அதுக்கென்ன குளிர்காய்ச்சலா? பின்னாடி ஓட்டை இருக்குல்ல, அது வழியாத்தான் சூடு வெளிய போகணும். சுவத்துல இருந்து ஒரு சாணாவது தள்ளி வைங்க.”

அன்றே எல்லா உறைகளையும் உருவிவிட்டேன். அதன்பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் ஃப்ரிட்ஜ் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் என் கண் போகும். சொல்லியும் விடுவேன். வாய் சும்மா இருக்காது. அதனால் இரண்டொருவர் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அக்கா அதற்குப் பிறகு வந்தாள். நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். அவளுடைய ஒரே மகனுக்கு வெளியூரில் வேலை, பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளோடு ஆக்சிஜன் மிஷினும் வந்தது. அறையிலிருக்கும் காற்றை இழுத்து, அதில் ஆக்சிஜனை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். அதை நான் அறையின் நடுவில் வைத்தேன். நாலாபக்கமும் காற்று. அதன் முதுகிலிருந்த வலையைத் தவறாமல் கழுவினேன்.

அன்றுதான் என் வீடு வீடானது. “சின்னவளே, இன்னிக்கு உப்பு போட மறந்துட்டியா?” என்று கேட்க ஓர் ஆள் இருந்தாள். பகலில் டிவியைப் போடுவதே இல்லை. நான் தைப்பேன், அவள் ஊர்வம்பு பேசுவாள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நன்றாகப் பார்த்துக்கொண்டதில் ஒரு சங்கடம். அக்கா தேறிவிட்டாள். இனிமேல் பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்னார். மகன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். அவள் உடனே சரி என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

மிஷின் நடக்கிற வழியில் காலைத் தடுக்கியது. ஆகவே அதைச் சுவரோரம் நகர்த்தினேன். பிறகு, சுவரோடு. பிறகு ஜன்னல் திரை அதன் முதுகில் விழும்படி. கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அதிகம் சூடானால் அது கத்தும் என்று தெரியும், கத்தாத அளவும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. தையல்காரிக்கு அளவு பிடிபடாமல் போகுமா? விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியில் எண் இறங்கியது. அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமல் அது தெரியாது, நான்தான் பார்த்து டாக்டருக்குப் போனில் சொல்வேன். ஒருநாளும் பொய் எண் சொன்னதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

“இப்பப் பயணம் வேணாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்றார் டாக்டர். அக்கா அழுதாள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்படியே மழைக்காலம் முழுக்கப் போனது. அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. இருந்தாலும் இருந்தாள்.

பிறகு அவள் மகன் போன் பண்ணினான். “சித்தி, டாக்டர் சொல்றதுக்கெல்லாம் காத்துக்கிட்டிருக்க முடியாது. ஆம்புலன்ஸ் பேசிட்டேன், நானே வர்றேன். இங்க பெரிய ஆஸ்பத்திரில காட்டிக்கலாம். நீங்க பட்ட கஷ்டம் போதும்.”

கஷ்டம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா முகம் மலர்ந்துவிட்டது. தலை வாரிவிடச் சொன்னாள். “இனிமேலாச்சும் நீ நிம்மதியாத் தூங்குவேடி” என்றாள். அவள் போனபிறகு அந்தக் கட்டிலை என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், யோசனை மேற்கொண்டு ஓடவில்லை.

அவன் வருகிற அன்று மதியம் மிஷினுக்கு ஓர் உறை போட்டேன். பயணத்தில் தூசி படாமல் இருக்கட்டும் என்று தைத்தது, உள்ளே பஞ்சு வைத்தது, அடிவரை பொத்தான். மிஷின் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் என் தையல் அறையில் இருந்தது. அதைத் திறக்க எனக்குத் தெரியும். நான் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பாதியில் விட்ட ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தேன்.

அலாரம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. வெகுநேரம் கத்தியது. பிறகு மிஷின் நின்றுபோய் வீடு அமைதியானது. அதற்கப்புறம் அக்கா கூப்பிட்டாள். “கண்ணா” என்றாள். அவள் மகனை அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் இன்னும் வழியில் வந்துகொண்டிருந்தான். மறுபடியும் “கண்ணா” என்றாள், குரல் கம்மிவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது, ஐயா. சின்னவளே என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.