ஆற்றோரத்துக் கடிதங்கள்

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் உறைகளில் முகவரி எழுதும் வேலை என்னிடம் வந்தது. இந்த விசாரணைக்காக எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தேதிகளை என் நாட்குறிப்போடு இரண்டு முறை ஒப்பிட்டுவிட்டேன். இருந்தாலும் ஏதாவது ஒன்று தவறியிருக்கலாம்.

இளம் ஆய்வாளர்களுக்கு உதவும் மூன்றாண்டுத் திட்டம் அது. நான் அக்கா என்று கூப்பிடுபவர்தான் ஆய்வாளர், நான் அவருடைய உதவியாளர். பகலில் வேலை, மாலையில் புள்ளியியல் வகுப்பு. என் பணி ஆணையில் 'ஆய்வாளருக்கு எல்லா வகையிலும் துணை நிற்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்காவின் கேள்வி எளிமையானது. மேட்டுத் தெருக்களிலும் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள், ஆற்றோரத்திலும் இருக்கிறார்கள். ஆற்றோரத்துக்காரர்களுக்கு மட்டும் சிறுநீரகம் ஏன் சீக்கிரம் கெடுகிறது? இருநூறு பேரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தோம். யாருக்காவது அளவு எல்லையைத் தாண்டினால், 'உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்று ஒரு வாரத்துக்குள் கடிதம் போக வேண்டும். அது விதி. முதல் ஆண்டில் ஒரு கடிதத்தைக்கூட நான் தாமதிக்கவில்லை.

சிக்கல் அங்கேதான். கடிதம் கிடைத்தவர்கள் மருத்துவரிடம் போனார்கள், மருந்தை மாற்றிக்கொண்டார்கள், தேறினார்கள். ஆண்டு முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அக்காவுக்கு வழிகாட்டியான பேராசிரியர் அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வித்தியாசம் எங்கம்மா? வித்தியாசமே இல்லாம வித்தியாசத்தப் பத்தி என்னத்த எழுதப் போற? அடுத்த வருஷம் நிதி குடுக்கற குழு முன்னாடி இதக் காட்டினா டீ குடுத்து வழியனுப்பி வச்சிருவாங்க."

ரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்று அக்கா அழுதார். "இதுக்காகக் கல்யாணத்த ரெண்டு தடவ தள்ளிப் போட்டேன். இனி அப்பா கடையில போய் உக்கார வேண்டியதுதான். எல்லாம் உன் கடிதம் பண்ண வேலைடி" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். அக்காவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதங்களால் வித்தியாசம் மறைந்ததென்றால் அதுவே பெரிய கண்டுபிடிப்பு என்று மாலை வகுப்பு ஆசிரியர் வெகுநாள் கழித்துச் சொன்னார். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. வகுப்பில் எனக்கு எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

இரண்டாம் ஆண்டில் ஆற்றோரத்துக் கடிதங்களை அச்செடுத்தேன், உறையில் போட்டேன், முகவரி எழுதினேன். தபாலில் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. தேதிவாரியாக அலமாரியில் அடுக்கி வைத்தேன். மேட்டுத் தெருக் கடிதங்கள் அன்றன்றே போயின. பதிவேட்டில் இரண்டுக்கும் 'அனுப்பப்பட்டது' என்றே எழுதினேன். மொத்தம் பதினொரு பேருடையவை. ஒரு தாள் போகாததால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்று உண்மையாகவே நம்பினேன்.

அவர்களில் ஒருவர் தையல்காரர். எங்கள் தெருதான். என் பள்ளிச் சீருடைகளை அவர்தான் தைத்தார். ஒருநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னம்மா, என் ரத்தம் பாஸா, ஃபெயிலா?"

"ஏதாவது இருந்தா கடிதம் வரும் மாமா."

"கடிதம் எதுவும் வரலையே."

நான் பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பினேன்.

"அப்போ பாஸ்தான். ஸ்கூல்ல வராத பாஸ் இப்போ வருது பாரு" என்று சிரித்தார்.

பாஸ் என்று நான் சொல்லவில்லை. அவராகத்தான் சொல்லிக்கொண்டார்.

ஆண்டு முடிவில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. குழு அக்காவைப் பாராட்டியது. மூன்றாம் ஆண்டுக்கான நிதியும் உறுதியானது. பதினொரு பேரில் நால்வருக்கு இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. தையல்காரர் அதற்கும் காத்திருக்கவில்லை, இறந்துவிட்டார். அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்து, "அவருக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. கடிதம் வரலையே, ஒண்ணும் இருக்காதுன்னே சொல்லிட்டிருந்தார். ஒருவேளை போஸ்ட்ல தொலஞ்சிருக்குமா கண்ணு?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். அக்கா பதிவேட்டை எடுத்தார், பிறகு அலமாரியைத் திறந்தார். அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அது என் அம்மா. தையல்காரரின் முடிவு வந்த அதே நாளில்தான் அம்மாவின் அளவும் எல்லையைத் தாண்டியிருந்தது. கடிதம் அச்செடுக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மதியமே விடுப்பு எடுத்து அவளை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். இப்போது நன்றாக இருக்கிறாள். பிறகு அவள் பெயரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொள்வது நேர்மையாக இருக்காது.