நூறு மீற்றர்

காலையில் நீங்கள் தந்த கோப்பி பரவாயில்லை, சீனிதான் கூடிப்போச்சு. எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஆனால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில்தான் எழுதுவேன். மொழிபெயர்ப்பவர் எதையும் மென்மையாக்கத் தேவையில்லை.

என் பெயர் ஷெரோன். வயது இருபது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரி முடித்தேன். எங்கள் குடும்பத்தில் டிப்ளோமா எடுத்த முதல் ஆள் நான். என் காதலனாக இருந்த நிஷானும் அங்கேதான் படித்தான். போன மாரியில், அவனை விட்டுவிட்டுப் போகிறேன் என்றதற்கு, கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கழுத்தை நெரித்தான். நூறு மீற்றருக்குள் அவன் என்னிடம் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தேன். திரும்பவும் கழுத்தைப் பிடித்தால் தாளையா நீட்டுவது?

எல்லைக்கு அந்தப் பக்கம் சில இடங்களில், இப்படி உத்தரவு உள்ளவர்களுக்கு என் வயதிலேயே கைத்துப்பாக்கி கொண்டுதிரிய லைசென்ஸ் கொடுப்பார்களாம். இங்கேயும் போய்க் கேட்டேன். "மத்மசேல், இது அமெரிக்கா இல்லை" என்று கவுண்டரில் இருந்தவர் சிரித்தார். அவரை நீங்கள் விசாரிக்கவில்லை. துப்பாக்கி எப்படிக் கிடைத்தது என்று நான் எழுதப்போவதில்லை.

உத்தரவுக்குப் பிறகு அவன் கிட்ட வரவேயில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். மாதா கோயிலில் என்னைக் கண்டால் பூசை நடுவிலேயே எழும்பிப் போய்விடுவான். சனம் அவனுக்குத்தான் இரக்கப்பட்டது.

"பெடியன் மெலிஞ்சு போனான் பிள்ளை" என்றார் அப்பாவின் தங்கை அக்னெஸ் மாமி. "எங்கட வீட்டில வந்து ஒருக்கா மன்னிப்புக் கேக்கட்டும். கோட்டும் கீட்டும் வெள்ளைக்காரனுக்கு. நாங்கள் கதைச்சுத் தீர்ப்பம்."

எல்லாருக்கும் மன்னிக்க அவசரம். நெரிபட்டது அவர்களுடைய கழுத்தில்லையே.

"ஓம் மாமி, வரச் சொல்லுங்கோ" என்றேன்.

பயமாக இருக்கிறது, பொலிஸ் பிடிக்கும் என்று அவன் மறுத்தானாம். "நான்தானே கூப்பிடுறன், ஒண்டும் செய்யமாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்று திரும்பவும் சொல்லியனுப்பினேன்.

ஞாயிறு மத்தியானம் வந்தான். கர்க்லாண்டில் மாமி வீட்டுக்கு முன்னால், கேக் பெட்டியோடு தெருவிலேயே நின்றான். மாமி உள்ளே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வரலாமோ? கோட் ஓடர் இன்னும் கிடக்கு" என்றான்.

நான் படியிறங்கி அவனிடம் நடந்தேன். என் கையில் இருந்ததைக் கண்டதும் பெட்டியைப் பக்குவமாகப் புல்லில் வைத்தான். "நான் போறன் ஷெரோன், நான் போறன்" என்று பின்பக்கமாக அடியெடுத்து வைத்தான். பிறகு திரும்பி ஓடினான். முதுகில்தான் சுட்டேன்.

அந்த லைசென்ஸைத் தந்திருந்தால் இதற்குப் பெயர் தற்காப்பு. தரவில்லை, அதனால் கொலை என்கிறீர்கள். அவன் போய்க்கொண்டுதானே இருந்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

ஓம், போய்க்கொண்டுதான் இருந்தான். போகிறவன்தானே மறுபடி வருவான்.