ஒரு வரிசை கூடுதலாக

பனி உருகியதும் புல்லில் இறங்கிவிடக் கூடாது. மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தப் பொறுமை கிடையாது. ஏப்ரலில் ஒரு நாள் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், சருகு வாரும் கோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஈரமண் மிதிபட்டால் இறுகிப்போகும். பிறகு வேர் இறங்காது. நான் மே பிறக்கும்வரை காத்திருப்பேன். காத்திருப்பது எனக்குச் சிரமமே இல்லை. டெபுடி ஹெல்கெசன், உங்கள் போலீஸ் குறிப்பில் இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் வெர்னர் ஹவ்க்டால். வயது எழுபத்தொன்று. பக்கத்து வீட்டில் ட்வெய்ன் க்ராவ்ஸும் அவன் மனைவி மார்லிஸும் இருந்தார்கள். இப்போது மார்லிஸ் மட்டும் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி இல்லை. இந்த ஊரில் வேலி போட்டால் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை என்று அர்த்தம். நாங்கள் சண்டை போடுகிறவர்கள் இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன்பு ட்வெய்ன் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்று வாங்கினான். அந்த வசந்தத்தில் என் பக்கம் ஒரு வரிசை தாண்டி வெட்டிக் கொடுத்தான். இங்கே அதற்குப் பெயர் உபகாரம். நான் நன்றி சொன்னேன். மறுவருடம் இரண்டு வரிசை வந்தான். அதற்கு மறுவருடம் என் மனைவி ஆர்டிஸ் வைத்திருந்த பியோனிப் பூச்செடிகளின் ஓரம் போயிற்று. அதற்கும் நன்றி சொன்னேன்.

"அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன் வெர்னர்," என்பாள் ஆர்டிஸ்.

"ஒத்தாச பண்றவன்கிட்ட என்னத்தச் சொல்றது?"

"அப்ப நன்றி சொல்றதையாவது நிறுத்தித் தொலையேன்."

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்டோபரில், உறைபனி விழுமுன், அவள் நாற்பது டியூலிப் கிழங்குகள் நட்டாள். மருந்து ஏற்றி முடி கொட்டியிருந்த தலையில் என் கம்பளித் தொப்பி. ஒவ்வொரு கிழங்குக்கும் மண்டியிட்டு, எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி மண்டியிட்டாள். என்னைக் கிட்டே விடவில்லை. "நான் இல்லாட்டியும் மே மாசம் நீ தனியா உக்காந்து காப்பி குடிக்க மாட்ட," என்றாள். பிப்ரவரியில் போய்விட்டாள்.

போன வருடம் மே மாதம் நாற்பதும் மொட்டு விட்டன. இன்னும் இரண்டு நாளில் விரிந்துவிடும். அன்று காலை அவள் கல்லறைக் கல்லில் எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊருக்குள் போய் வந்தேன். திரும்பியபோது எல்லாம் தரைமட்டமாக இருந்தது. ட்வெய்ன் வண்டியில் உட்கார்ந்தபடியே கையசைத்தான்.

"புல்லு மண்டிக் கெடந்துச்சுப்பா. நீயும் பாவம், ஒத்த ஆளா என்ன பண்ணுவ? அதான் ஒரேடியா ஓட்டிவிட்டுட்டேன்."

நான் நன்றி சொன்னேன். சாயந்திரம் மார்லிஸ் உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து அடுப்பில் வாட்டிய ஹாட்டிஷ் செய்து கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அவனை எவ்வளவு வெறுத்தேன் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. சாப்பாடு இறங்குவதற்கு அந்த வெறுப்பு துணையாக இருந்தது.

எங்கள் வீடு பண்ணைவீடாக இருந்த காலத்தில் பின்பக்கம் மழைநீருக்காக நிலத்தடித் தொட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். பன்னிரண்டடி ஆழம். அதன் மேல் சிமெண்ட் மூடி இருந்தது. அது பார்க்க அசிங்கம். அதனால் இந்த வருடம் மே முதல் வாரம் அதை நெம்பி எடுத்துவிட்டு, கொட்டகையிலிருந்த பழைய பலகைகளைப் போட்டு, மேலே மண் பரப்பி, சுருளாக விற்கும் புல்தரையை வாங்கி விரித்தேன். அங்கே மட்டுமில்லை, சுற்றிலும் விரித்தேன். ஒட்டுப்போட்டது போல் தெரியக் கூடாதல்லவா. காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். ஊரிலேயே அழகான புல் அதுதான்.

ட்வெய்னை நான் எச்சரித்தேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

"புதுப் புல்லு. மூணு வாரத்துக்கு வண்டிய மேல ஏத்தாத ட்வெய்ன். உனக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமா? என்னப்பா வெர்னர், பக்கத்து வீட்டுல எதுக்கு இருக்கேன்? நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருடப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். நான் சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தேன். வண்டிச் சத்தம் ஒரு கணம் கனத்து, பிறகு நின்றது. வெளியே போனேன். குழிக்குள் தண்ணீர் அவன் நெஞ்சுவரை இருந்தது. வண்டி அவன் கால்மேல் கிடந்தது; தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது.

"வெர்னர், உனக்குத் தொந்தரவு இல்லேன்னா ஒரு கயித்தப் போடுப்பா," என்றான். அந்த நிலையிலும் மரியாதை.

கொட்டகையில் கயிறு இருந்தது. ஏணியும் இருந்தது. மார்லிஸ் தன் வீட்டுப் பக்கவாசலில் தொட்டிச் செடிகளுக்கு மண் கலந்துகொண்டிருந்தாள். அவன் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். எனவே நான் கொட்டகைக்குப் போய் நான் தள்ளிக்கொண்டு ஓட்டும் புல்வெட்டியைக் கிளப்பினேன். குழிக்குக் கிட்டவே வெட்டினேன். முதலில் நெடுக்கே, பிறகு குறுக்கே. நாற்பது நிமிடம். மார்லிஸ் தலை நிமிர்ந்து எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். எஞ்சினை நிறுத்தியபோது குழிக்குள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அதன் பிறகுதான் உங்களுக்கு ஃபோன் செய்தேன்.

ஆமாம், டெபுடி. மூடியை எடுத்தது நான். பலகை எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டதும் நான். என்னிடம் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. மார்லிஸிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவள் இனி ஒற்றை ஆள், பாவம். இங்கே வேலை முடிந்து நான் வீடு திரும்பியதும் அவள் புல்லையும் சேர்த்து நானே வெட்டிக் கொடுக்கிறேன். முதல் வருடம் ஒரு வரிசை மட்டும்.