இருபத்திரண்டு அங்குலப் பட்டை

பெயர்: அடையாள அட்டையில் உள்ளபடி காவல் நிலைய எழுத்தர் பதிந்துகொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள் என்பதால், ‘கரண்டி மாமா’ என்பதையும் சேர்த்து எழுதக் கேட்டுக்கொண்டேன். சமையல் கரண்டி அல்ல, சிமெண்ட் பூசும் கரண்டி. வயது: ஐம்பத்தெட்டு. தொழில்: கொத்தனார், தரைப்பூச்சில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. படிப்பு: ஆறாம் வகுப்பு, அதிலும் பாதி. முகவரி: என் தங்கை வீட்டு மாடி அறை.

மேற்படி மாடி அறையில் ஒன்பது ஆண்டுகளாக வாடகை இல்லாமல் குடியிருந்து வருகிறேன். கீழே என் தங்கையும் அவள் கணவரான என் மச்சானும் இருக்கிறார்கள். எங்கள் முற்றத்துக்கும் பக்கத்து வீட்டுச் சந்துக்கும் நடுவில் ஒரு மதில் சுவர் உண்டு. பக்கத்து வீட்டில் டெய்லரம்மாவும், நடக்க முடியாத அவர் கணவரும் வசிக்கிறார்கள். அவர்கள் வாசல் சந்தின் கடைசியில் இருக்கிறது. சந்தின் அகலம் பத்தொன்பது அங்குலம்தான் என்பதால் சக்கர நாற்காலி நுழையாது. அது தெருவோரத்தில் சங்கிலி போட்டு நிற்கும். கணவர் வெளியே போக வேண்டுமானால் டெய்லரம்மா அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, சுவரில் முழங்கை தேயப் பக்கவாட்டில் நடந்து வருவார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை என்னிடம் வந்து, தன்னுடன் வேலை பார்ப்பவர் வீட்டில் சிமெண்ட் தரைக்கே நிறம் ஏற்றியிருப்பதாகவும், நம் முற்றம் மட்டும் ஸ்கூட்டர் எண்ணெய் சிந்தி எருமை படுத்த இடம் மாதிரி கிடப்பதாகவும் சொன்னாள். “உனக்கு இதெல்லாம் தெரியுமா, அண்ணா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாதா என்று நான் சொன்னேன். உலகத்தில் பாதி மாளிகைகளுக்கு நான்தான் நிறம் ஏற்றினேன் என்றும் சொன்னேன். அதிகாரி கேட்டதன் பேரில், இதற்கு முன் ஒரே ஒரு முறை, ஒரு மாடிப்படிக்கு மட்டும் செய்திருக்கிறேன் என்று திருத்திச் சொல்கிறேன்.

அதன் பிறகு கடைக்குப் போய் ஆசிட் ஸ்டெயின் வாங்கி வந்தேன். இது பெயிண்ட் போல மேலே ஒட்டிக்கொள்ளும் சரக்கு அல்ல. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து வேலை செய்து, தரைக்குள்ளேயே நிறமாகிவிடும். தேய்த்தாலும் போகாது. அதன் பிறகு தரையைச் சோப்புத் தூள் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு தெளிக்க ஆரம்பித்தேன். தெளித்த இடமெல்லாம் சீறியது, நுரைத்தது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருநூறு பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அதிகாரி கேட்டதன் பேரில், ஏழு பேர் என்று திருத்துகிறேன். அதில் ஒருவர் தபால் கொடுக்க வந்தவர்.

அதன் பிறகு ஐந்து மணி நேரம் ஊறவிட்டு, சோடா மாவு கரைத்த நீரால் கழுவினேன். அழுக்கு வழிந்தோடியதும் கீழிருந்து எழுந்தது பாருங்கள் நிறம், சிங்கத்தின் முதுகுதான். தங்கை வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மதில் ஓரமாக மட்டும், தெருக் கேட்டிலிருந்து பின்கட்டு வரை, கோடு போட்டது போல ஒரு பட்டை காப்பிக் கொட்டை நிறத்தில் கறுத்திருந்தது. “பார்டர் வேற போட்டியா, அண்ணா?” என்று கேட்டாள். ஆமாம், அது என் சொந்த யோசனை என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படி வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தச் சமயம் டெய்லரம்மா தன் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, அந்த பார்டர் என்ன அகலம் வரும்?” என்று கேட்டார். வேலையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, மடியிலிருந்த டேப்பை எடுத்து ஏழு இடத்தில் அளந்து, “எங்க அளந்தாலும் இருபத்திரண்டு அங்குலம். நூல் பிசகாது” என்று உரக்கச் சொன்னேன். டெய்லரம்மா உள்ளே திரும்பித் தன் கணவரிடம் அதைச் சொன்னார். கணவர் சிரித்தது எனக்குக் கேட்டது. அதன் பிறகு டெய்லரம்மா என்னைப் பார்த்து, “பார்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணே. துணிதான் எங்களோடது” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், டெய்லரம்மா கணவரோடு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மழையில் பழைய மதில் விழுந்தது. புது மதிலை வேறொரு ஆள் சந்துப் பக்கமாகத் தள்ளிக் கட்டினார். பழைய மதில் இருந்த இடத்திலிருந்து புது மதில் வரை சிமெண்ட் போட்டு நிரப்பியது நான். “அதுவும் நம்ம இடம்தான் மச்சான், முன்னாடி தப்பாக் கட்டிட்டாங்க” என்று மச்சான் சொன்னார். கூலி வேண்டாம், மாடி அறையில் இருந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். நான் நம்பினேன். நம்புவதற்கு அறை வசதியாக இருந்தது. ஒட்டுத் தெரியக் கூடாது என்பதற்காக சிமெண்டை அள்ளிப் போட்டு இழைத்தேன். ஒன்பது ஆண்டுகளில் எந்தக் கண்ணுக்கும் அந்த ஒட்டுத் தெரிந்ததில்லை. டெய்லரம்மா மனு மேல் மனு கொடுத்து இரண்டு முறை ஆள் வந்து பார்த்தும் தெரியவில்லை. எல்லைக்கல்லும் காணோம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். கண்ணை ஏமாற்றலாம், ஆசிட்டை ஏமாற்ற முடியாது. பழைய தரையில் சுண்ணாம்பு செத்துப்போயிருந்தது. நான் போட்டதில் கொழுத்துக் கிடந்தது. குடிக்கிறவரை குடித்துக் கறுத்துவிட்டது.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை டெய்லரம்மா மறுபடி மனு கொடுத்தார். இன்று காலை மச்சான் ஒரு வாளி சாம்பல் நிறப் பெயிண்டும் பிரஷ்ஷும் கொண்டுவந்து, “நாளைக்கு சர்வேயர் வராரு. அந்தப் பட்டைய மட்டும் அடிச்சு மூடிடுங்க மச்சான்” என்றார்.

“பட்டையா? அது பார்டர்.”

“பார்டரோ கீர்டரோ, மூடுங்க.”

“என் வேலை மேல எவனும் பெயிண்ட் அடிக்கக் கூடாது.”

“அப்ப என் வீட்டு மேல எவனும் ஓசியில படுக்கவும் கூடாது.”

தங்கை குறுக்கே வந்து, “அவரு சொல்றதச் செஞ்சிடு, அண்ணா. இந்த வயசுல எங்க போவ?” என்று மெல்லச் சொன்னாள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் பட்டையின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அதன் பிறகு மச்சான் பிரஷ்ஷை வாளியில் முக்கினார், நான் வாளியைப் பிடித்தேன், அவரும் பிடித்தார். எனக்கு யானை பலம். ஆனால் வாளி என் பக்கமே கவிழ்ந்தது. நான் அதிகாரியின் முன் தலை முதல் இடுப்பு வரை சாம்பல் நிறமாக உட்கார்ந்திருப்பது அதனால்தான். தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அதன் பிறகு யாரோ போன் செய்து காவலர்கள் வந்தார்கள். மச்சான் என்னை அடிக்கவில்லை. அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

அந்த ஒட்டு யார் வேலை என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் மாடி அறை எனக்கு இருந்திருக்கும். ஆனால் அப்படி இழைக்க என்னைத் தவிர இந்த ஊரில் யாருக்கு வரும்? அது என் கை வேலை. முழுக்க என் கை வேலை.

எல்லைக்கல் காணாமல் போகவில்லை. மச்சான் பிடுங்கச் சொன்னார். கொத்தனாருக்கு அது பாவம் என்பதால், நட்டது நட்டபடியே விட்டு மேலே மூடினேன். தெருக் கேட்டிலிருந்து பதினோரு அடி, பட்டையின் உள் விளிம்பில், நாலு அங்குலம் கீழே இருக்கிறது. உடைப்பதானால் என்னைக் கூப்பிட வேண்டும். வேறு ஆள் உடைத்தால் பக்கத்து நிறம் சிதறிவிடும்.

இதை எழுத்தர் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டக் கேட்டேன். மாளிகை, கூட்டம் ஆகிய இரண்டு இடங்களில் என் கணக்கை அதிகாரி குறைத்தார், ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டு அங்குலம், பதினோரு அடி, நாலு அங்குலம் ஆகியவற்றில் குறைக்கவோ கூட்டவோ ஏதுமில்லை என்று, யாரும் மிரட்டாமல், நானே அறிந்து, கீழே என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கரண்டி மாமா

தற்போதைய முகவரி: மேலே எழுதியதை அடித்துவிடவும். பிறகு சொல்கிறேன்.