அம்போஃபோ இறந்ததாக நான் சொன்ன செய்தி

என் பெயர் யாவ் ஒவிரேடு. வயது 69. அசுபோனே ஊரில் சர்ச்சுக்குப் பின்பக்கம் குடியிருக்கிறேன். லாரி பழுது பார்க்கும் ஃபிட்டராக நாற்பத்திரண்டு வருடம் வேலை செய்து, முழங்கால் மடங்காமல் போனதால் விட்டுவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியும். இந்த வாக்குமூலத்துக்காக யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. நாற்காலி மட்டும் நானே கேட்டு வாங்கினேன்.

அம்போஃபோ என் பக்கத்து வீட்டுக்காரர். வயது 73. லாரி டிரைவராக இருந்தவர். இவர் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டதாக நவம்பர் 14ஆம் தேதி காலையில் இவருடைய தங்கை மகன் பார்னபாஸுக்குப் போன் செய்து சொன்னது நான்தான். பார்னபாஸ் கொடுத்த புகாரை நான் மறுக்கவில்லை. ஏன் சொன்னாய் என்று போலீஸ் அதிகாரி கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நானும் அம்போஃபோவும் பதினொரு வருடமாக மதியத்தில் மாமரத்தடியில் பலகை போட்டு டாமே என்னும் காய் ஆட்டம் ஆடுவோம். எங்கள் ஊரில் டாமே ஆடுகிறவன் காயைத் தாண்டும்போது எதிராளியைத் திட்டியாக வேண்டும். திட்டத் தெரியாதவனோடு யாரும் உட்கார மாட்டார்கள். அம்போஃபோ அதில் கெட்டிக்காரர். "மூளையக் கழட்டி எந்த லாரிக்குடா மாட்டுன, ஃபிட்டரு?" என்று கேட்டுக்கொண்டே என் மூன்று காயை ஒரே தாண்டலில் எடுப்பார்.

போன வருடம் ஜூலையில் அவர் மனைவி எஸ்தர் இறந்தார். சாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம். வருட நினைவுக்கும் வந்தார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை. அதன் பிறகு அவர் கண்ணில் புரை விழுந்து, பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்ததையும் விட்டுவிட்டார். அதன் பிறகு இடுப்பு வலி என்றார், தூக்கம் வரவில்லை என்றார். அதன் பிறகு டாமேயில் தோற்க ஆரம்பித்தார். கண் தெரியாமல் தோற்கிறார் என்று நினைத்தேன். ஆனால் திட்டவும் இல்லை. ரோஷம் வரட்டும் என்று ஒரு நாள் நான், "பொண்டாட்டி போனதுல காயும் நகர மாட்டேங்குதா, டிரைவரே?" என்று கேட்டேன். அவர் காய்களை டப்பாவில் போட்டு மூடி, "நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு காலையில் வணக்கம் சொன்னால் பதில் சொல்வதை நிறுத்தினார். எங்கள் ஊரில் அது கன்னத்தில் அறைந்த மாதிரி. ஏழு நாள் பொறுத்தேன். எட்டாம் நாள் ஊர்த் தலைவர் வீட்டுச் சபையில் நானே போய்ப் புகார் சொன்னேன். ஒரு ஆடும் இரண்டு பாட்டில் ஜின்னும் அபராதம் போட்டார்கள். போலீஸ்காரரிடமே மணிக்கணக்கில் வாதாடுகிற மனிதர், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சொன்னதைக் கொண்டுவந்து வைத்தார். இது திமிர் இல்லை, இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு சுகாதார நிலையத்து நர்ஸைக் கூட்டிவந்தேன். அந்தப் பெண் அரை மணி நேரம் அவரோடு பேசிவிட்டு என்னிடம், "இது வயசுனால வர்றதில்ல தாத்தா, வியாதி. மனச்சோர்வு. தனியா கெடந்து, கண்ணும் போயி, துக்கமும் சேர்ந்தா வரும். பெரிய ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. தனியா விட்றாதீங்க" என்றாள். அம்போஃபோ என்னோடு வர மறுத்தார். "நான் யாருக்குடா வேணும், பேசாம விடு" என்றார். சொந்தக்காரர்கள் வந்து கூப்பிட்டால் ஒருவேளை வருவார் என்று நர்ஸ் சொன்னாள்.

அதன் பிறகு பார்னபாஸுக்கு ஆறு தடவை போன் செய்தேன். "வயசானா அப்படித்தான் பெரியவரே. லீவு கெடைக்கல. கிறிஸ்துமஸுக்கு வர்றோம்" என்றார். குமாசியில் இருக்கும் அம்போஃபோவின் மகள் செர்வா, "அப்பாகிட்ட குடுங்க" என்பாள். இவர் போனை வாங்கி, "நல்லாருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவள் அதை நம்பினாள். குரலில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

13ஆம் தேதி அம்போஃபோ தன் டார்ச்சையும் பூட்ஸையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, எஸ்தர் ஃபுஃபு களிக்குக் கிழங்கு இடித்த உரலை என் வீட்டு வாசலில் உருட்டிவந்து வைத்தார். "இனிமே எனக்கு எதுக்கு" என்றார். நான் மூன்று நாளாகக் கொண்டுபோன சோறு அவர் வீட்டில் மூடியபடி இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று அவர் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பார்னபாஸுக்குப் போன் செய்து, "உங்க மாமா போயிட்டாரு" என்றேன். "எப்போ?" என்றார். "காலையில" என்றேன். "இதோ கெளம்பிட்டோம்" என்றார். ஆறு தடவை கிடைக்காத லீவு அரை மணி நேரத்தில் கிடைத்தது.

அதன் பிறகு அம்போஃபோவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, முற்றத்தில் நாற்காலியில் உட்கார வைத்தேன். மதியத்துக்குள் இரண்டு வேன் வந்தது. பந்தல் கம்பி, பிளாஸ்டிக் நாற்காலி, மேளக்காரர்கள், துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய முப்பத்தெட்டுப் பேர். அவருடைய அத்தை மகள் ஒருத்தி அலறிக்கொண்டே வாசல் வரை வந்து, நாற்காலியைப் பார்த்ததும் அலறலைப் பாதியில் விழுங்கினாள். மேளம் நின்றது.

அம்போஃபோ கண்ணை இடுக்கிப் பார்த்து, "யாருடா செத்தது?" என்று கேட்டார்.

"நீதான், டிரைவரே" என்றேன்.

அவர் விரலை நீட்டிக் கூட்டத்தை எண்ணப் பார்த்தார். "எனக்கா இவ்ளோ பேரு?" என்றார்.

வேனில் வந்திருந்த செர்வா மண்ணில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்னபாஸ் என் சட்டையைப் பிடித்தார், ஒரு பொத்தான் அறுந்தது, அதற்கு நான் புகார் கொடுக்கவில்லை. அதன் பிறகு செர்வா கூப்பிட்டதும் அம்போஃபோ எழுந்தார். மேளக்காரர்களை இறக்கிவிட்டு அந்த வேனிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. குணமாக மாதக்கணக்கில் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சூப் குடிக்கிறார். நேற்று நான் கட்டிலருகே போய் வணக்கம் சொன்னேன். முதலில் பதில் இல்லை. திரும்பி நடந்தபோது, "செத்தவன்கிட்ட பதில் கேக்குற ஒரே ஆளு நீதான்டா, ஃபிட்டரு" என்றார்.

வீணாக வந்த வேனுக்கும் மேளத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறேன். இதில் உள்ளதை நானே படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. இந்த விவகாரத்தில் ஆறு தடவை உண்மையைச் சொன்னேன், ஒரு தடவை பொய் சொன்னேன். அந்தப் பொய் மேலே எழுதப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) யாவ் ஒவிரேடு