நிறையாத குழி

— கிணத்தை மூடணும்னு மட்டும் சொல்லாத, ஹெல்த் இன்ஸ்பெக்டர். கல் குவாரியில உழைச்ச கையால நானே வெட்டுனது. அடி வரைக்கும் பாறை. சேத்துத் தண்ணி இல்ல.

— நான் இன்னும் மூடச் சொல்லல, சபாபதி அங்கிள். நேத்து ஊத்துன சாயம் கிணத்துல வந்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் முடிவு. வாங்க, பின்னால போவோம்.

— பொறு லா. ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில பேத்தி பக்கத்துல உக்காந்துட்டு இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்குறேன். காலு வீங்கிக் கெடக்கு.

— பிள்ளை எப்படி இருக்கு?

— தைஃபாய்டுங்கிறான் டாக்டர். கண்ணு உள்ள போயிடுச்சு. தாத்தான்னு கூப்பிடக்கூடத் தெம்பில்ல. இன்னிக்குத்தான் கொஞ்சம் காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கு.

— அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியணும்ல?

— ஸ்கூல் கேன்டீன்ல ஐஸ் தின்னுருக்கும். அங்க போய்ப் பாரேன்.

— பார்த்தாச்சு. அங்க வேற எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணுமில்ல.

— எங்க வீட்டுலயும்தான் வேற யாருக்கும் ஒண்ணுமில்ல!

— நீங்க காய்ச்சிக் குடிக்கிறீங்க. உங்க பேத்தி தேவகி குளிக்கிறப்ப வாளியில அள்ளி அப்படியே குடிக்குதுன்னு உங்க மருமகதான் சொன்னாங்க.

— பாறைத் தண்ணிய்யா அது! தண்ணி காய்ச்சுற எங்க கேத்தலைப் பாரு, அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்கும். சுத்தமான சுண்ணாம்பு.

— அந்தச் சுண்ணாம்புக் கல்லுதான் வில்லங்கம். மண்ணுன்னா அழுக்கை வடிகட்டும். இது வடிகட்டாது. பத்துமலை உள்ளே எத்தனை குகை? உங்க காலுக்குக் கீழேயும் அப்படித்தான், ஓட்டை ஓட்டையா. ஆமா, உங்க கக்கூஸ் குழியை எப்போ அள்ளுனீங்க?

— எதுக்கு அள்ளணும்? எவ்வளவு போனாலும் நிறையாது. இந்தக் கம்பத்துல, இந்த ஊருலயே, எவனுக்கும் அப்படி ஒரு குழி அமையல.

— நிறையலன்னா அதெல்லாம் எங்க போகுது, அங்கிள்?

— எங்கயோ போகுது. பூமிக்குள்ள.

— அதுக்குத்தான் அந்தக் குழியில சாயம் ஊத்துனேன். சாயம் கிணத்துல வந்தா, கக்கூஸ் தண்ணியும் அதே வழியா வருது.

— வராது. குழி அந்தக் கோடி, கிணறு இந்தக் கோடி. உங்க கவர்மெண்டு ஆளுங்களே இப்படித்தான். எழுபத்தெட்டு எலெக்சன்ல பைப்பு போடுறேன்னு வந்தீங்க. எண்பத்திரண்டுலயும் வந்தீங்க. பைப்பக் காணோம், கிணத்தை மூட மட்டும் ஆளு வருது!

— ஏசுங்க, பரவால்ல. நான் சொன்னதை வீட்டுல சொல்லிட்டீங்கதானே? சாயம் விட்டிருக்கு, கிணத்தைத் தொடாதீங்கன்னு?

— எதுக்குச் சொல்லணும்? சபாபதி வீட்டுக் கிணத்துல கக்கூஸ் தண்ணின்னு கம்பம் பூராச் சிரிக்கவா? மாரியம்மனுக்கே எங்க கிணத்துத் தண்ணியிலதான் அபிஷேகம், தெரியுமா?

— ஐயோ, அங்கிள்! நேத்து அவ்வளவு தூரம் சொன்னேனே!

— கத்தாத. எதுவும் வரப்போறதில்ல... இரு, அது என்ன உடுக்கைச் சத்தம்?

— உங்க வீட்டுப் பின்னாலதான் கேக்குது. அங்க பாருங்க, குடமும் கையுமா எவ்வளவு ஆளுங்க!

— ராஜம்மா! ஏ ராஜம்மா! என்ன கூட்டம் இது?

— மாமா, வந்துட்டீங்களா! ஆத்தா நம்ம வீட்டுக்கு வந்துட்டா மாமா! ஆடி வெள்ளியும் அதுவுமா, விடியக்காலையில வாளிய விட்டு இழுக்கிறேன், குங்குமத்தைக் கரைச்ச மாதிரி செக்கச்செவேல்னு தண்ணி! பூசாரி வந்து சூடம் காட்டிட்டாரு. பக்கத்து ஊரு செலாயாங்ல இருந்துகூட ஆளுங்க வந்திருக்காங்க.

— அக்கா, அது நான் ஊத்துன சாயம். யாராவது குடிச்சாங்களா?

— சார், ஆத்தா விஷயத்துல அப்படிப் பேசாதீங்க. எல்லாரும்தான் குடிச்சோம்.

— காய்ச்சாமலா?

— தீர்த்தத்தை யாராவது அடுப்புல வெப்பாங்களா சார்?

— ராஜம்மா, கொட்டச் சொல்லும்மா. எல்லார் குடத்தையும் கொட்டச் சொல்லு. அது ஆத்தா இல்ல. நம்ம கக்கூஸ் தண்ணி.

— என்ன மாமா சொல்றீங்க... உங்க மகன் ஒரு போத்தல் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரே! மருந்தெல்லாம் நிறுத்திட்டு, தேவகிக்கு இதை மட்டும் குடுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.